12 கிலோமீட்டர்தான் தோண்டினோம், மீதி 6,359 கிலோமீட்டர் எப்படித் தெரிஞ்சுது?

நீங்க மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. மனுஷன் தோண்டினதே 12 கிலோமீட்டர்தான்னா, 2,900 கிலோமீட்டர்ல கோர், அதாவது பூமியோட மையப்பகுதி, ஆரம்பிக்குது, அதுல வெளிப்பக்கம் திரவம், நடுவுல கெட்டி இரும்புன்னு பொண்ணோட ஸ்கூல் புத்தகத்துல எப்படி அடிச்சு எழுதுறாங்கங்கறது முதல் கேள்வி. பூமியோட மேல்பாகம் பெரிய பெரிய துண்டுகளா பிரிஞ்சிருக்குற தட்டுகள் எல்லாம் உருகின குழம்பு மேல மிதக்குதுன்னா, ஊர்ல ஆயிரம் அடி போர் போட்டாலும் பாறைத்தூள்தானே வருது, குழம்பு எங்க போச்சுன்னு ரெண்டாவது. தட்டு நகர்ந்துக்கிட்டேதான் இருக்குன்னா தமிழ்நாட்டுக்கு பெரிய பூகம்பம் வருமாங்கறது மூணாவது. மூணையும் சேர்த்து வச்சுப் பாத்தா நீங்க தெரிஞ்சுக்க நினைக்கிறது ஒரே விஷயம், இதுல எது அளந்து கண்டது, எது யூகம். நான் ஜியாலஜி படிச்சிட்டு ரொம்ப வருஷமா அணை, பாலம், பெரிய கட்டடம் வர்ற இடங்கள்ல தரைக்கு அடியில கெட்டிப் பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பாத்து சொல்ற வேலையில இருக்கேன். என் கருவிக்கு எட்டுறது நூறு மீட்டருக்குள்ளதான், அதுக்குக் கீழ நான் எழுதுறது எல்லாம் படிச்சுத் தெரிஞ்சது, ஆனா முறை ரெண்டுக்கும் ஒண்ணேதாங்கறதால அந்த நம்பிக்கையில எழுதுறேன்.

முதல்ல அந்த 12 கிலோமீட்டர். ரஷ்யாவோட வடமேற்கு மூலையில கோலா தீபகற்பத்துல 1970ல தோண்ட ஆரம்பிச்சு 1989ல 12,262 மீட்டர் வரைக்கும் போனாங்க, அதோட நின்னுடுச்சு. அந்த ஆழத்துல 100 டிகிரி கிட்ட இருக்கும்னு கணக்குப் போட்டிருந்தாங்க, இருந்தது 180, பாறை இளகி துளை தானா மூடிக்க ஆரம்பிச்சுடுச்சு. பூமியோட மையம் 6,371 கிலோமீட்டர் கீழ இருக்கு, அப்படின்னா நாம போனது 0.2 சதவீதம் கூட இல்ல, அந்த இடத்துல மேலோட்டையே முழுசா தாண்டல. அதனால கோரை யாரும் கண்ணால பாத்ததில்லன்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா பாக்காம அளக்க முடியும், அதைத்தான் நாங்க தினமும் பண்றோம்.

எப்படின்னா, தரையில ஒரு இரும்புத் தகடு வச்சு சம்மட்டியால ஓங்கி அடிப்போம், அங்கேர்ந்து நேர்கோட்டுல சில மீட்டருக்கு ஒண்ணா ஜியோபோன்ங்கற, அதிர்வை உணர்ற சின்னக் கருவியைக் குத்தி வச்சிருப்போம், அடிச்ச அதிர்வு ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மில்லிசெகண்டுல வந்து சேருதுன்னு பதிவாகும். பொலபொலன்னு இருக்குற மண்ணுல அந்த அதிர்வு செகண்டுக்கு 300, 500 மீட்டர்தான் போகும், கெட்டிப் பாறையில 5,000 மீட்டருக்கு மேல போகும். கிட்ட இருக்குற ஜியோபோனுக்கு மண்ணு வழியா நேரா வர்ற அலை முதல்ல சேரும், கொஞ்சம் தூரம் தள்ளிப் போனதும் கீழ பாறைக்கு இறங்கி அதுல வேகமா ஓடி மறுபடி மேல வந்த அலை முந்திக்கும், அந்த முந்துற தூரம் எங்க வருதுன்னு பாத்தா பாறை எத்தனை மீட்டர் கீழ இருக்குன்னு கணக்கு போட்டுடலாம். அப்புறம் அதே இடத்துல போர் போட்டுப் பாப்பாங்க, பெரும்பாலும் ஒத்துப்போகும், பாறை மேடும் பள்ளமுமா அழுகிப்போயிருக்குற இடத்துலதான் தள்ளிப்போகும். குரோஷியாவுல ஜாக்ரெப் பக்கத்துல 1909ல வந்த நிலநடுக்கத்தை வச்சு மோஹோரோவிசிச்ங்கற விஞ்ஞானி பண்ணினது அப்படியே இதேதான், சம்மட்டிக்குப் பதிலா பூகம்பம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு ஆழத்துக்குக் கீழ அலை திடீர்னு செகண்டுக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்குத் தாவுதுன்னு கண்டுபிடிச்சார், மேலோடு முடிஞ்சு, அதுக்கும் கோருக்கும் நடுவுல இருக்குற மேன்டில் தொடங்குற எல்லை அதுதான். கடலுக்கு அடியில மேலோடு சுமார் 7 கிலோமீட்டர் கனம், தமிழ்நாட்டுக்குக் கீழ ஏறத்தாழ 35லேர்ந்து 45, திபெத்துக்குக் கீழ 70 வரைக்கும் போகுது.

கோர் கதையில நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுல வேலை பாத்த ரிச்சர்ட் ஓல்டாம்ங்கறவர் 1897 அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ஞ்சப்போ, ஐரோப்பாவுல பதிவான கோடுகள்ல ரெண்டு வகை அலை தனித்தனியா வந்து சேர்றதைப் பிரிச்சுக் காட்டினார். முன்னாடி வர்றது பி அலை, பாறையை அமுக்கி நீட்டிக்கிட்டுப் போறது. பின்னாடி வர்ற எஸ் அலை பக்கவாட்டுல குலுக்கிக்கிட்டுப் போறது, அதுக்கு திரவத்துக்குள்ள நுழைய முடியாது. இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாத்துக்கும் சாவி. 1906ல அவரே, ரொம்ப தூரத்துல இருக்குற பூகம்பப் பதிவு நிலையங்களுக்கு அலை எதிர்பார்த்த நேரத்துக்கு வராம தாமதமாறதைக் காட்டி, பூமிக்குள்ள அலையை மெதுவாக்குற ஒரு மையப்பகுதி இருந்தே ஆகணும்னு எழுதினார். சில வருஷத்துல குட்டன்பர்க்ங்கற விஞ்ஞானி அதோட ஆழம் 2,900 கிலோமீட்டர்னு கணக்கிட்டார், நூறு வருஷம் கழிச்சு ஆயிரக்கணக்கான கருவிகள் வச்சு இன்னிக்கு நாம சொல்றது 2,891. அந்த எல்லையில பி அலை செகண்டுக்கு 13 கிலோமீட்டருக்கு மேல இருந்து சட்டுனு 8க்கு விழுது, எஸ் அலை அதைத் தாண்டிப் போறதே இல்ல. எந்த நாட்டுல பெரிய பூகம்பம் வந்தாலும் அங்கேர்ந்து பூமியைச் சுத்தி கோணக்கணக்குல 104 டிகிரிக்கு அப்பால இருக்குற நிலையங்களுக்கு நேரடி எஸ் அலை கிடைக்காது, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடக்குது. வெளிக்கோர் திரவம்ங்கறது அதனாலதான் அடிச்சு எழுதக்கூடிய விஷயம்.

உள்கோரைக் கண்டுபிடிச்சது டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன்ங்கற அம்மா. 1929ல நியூசிலாந்துல வந்த பூகம்பத்தோட பதிவுகள்ல, அலையே வரக்கூடாத நிழல் பகுதியில மெலிசா பி அலை வந்திருந்தது, மத்தவங்க அதை ஏதோ ஓரத்துல வளைஞ்சு வந்ததுன்னு விட்டுட்டாங்க. அவங்க விடல. திரவத்துக்கு நடுவுல இன்னொரு உருண்டை இருந்து அதுல பட்டுத் திரும்பினாத்தான் அந்த நேரம் கணக்குக்கு வரும்னு 1936ல எழுதினாங்க. அது 5,150 கிலோமீட்டர் ஆழத்துல ஆரம்பிச்சு 1,220 கிலோமீட்டர் ஆரம் உள்ளது. ஆனா அது கெட்டிங்கறது உறுதியாக இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, ஏன்னா அதுக்கு வேற வகை ஆதாரம் தேவைப்பட்டது. 1960ல சிலியில 9.5 அளவுல வந்த பூகம்பத்துக்கப்புறம் பூமி மொத்தமும் நாள்கணக்கா அதிர்ந்துக்கிட்டே இருந்தது, அதுல ஒரு அதிர்வுக்கு ஒரு சுற்று முடிய 54 நிமிஷம் ஆகுது, அந்த மாதிரி முழு பூமி அதிர்வுகளோட காலஅளவு உள்ள என்ன கெட்டியா இருக்கு, என்ன அடர்த்தியா இருக்குங்கறதைப் பொறுத்தது. உள்கோரை கெட்டின்னு வச்சாத்தான் அளந்த எண்கள் பொருந்துது. பூகம்பத்தோட சம்பந்தமே இல்லாத சாட்சியும் இருக்கு, பூமியோட எடையையும் பருமனையும் வச்சுப் பாத்தா சராசரி அடர்த்தி தண்ணியைப் போல 5.5 மடங்கு, நம்ம கால் மிதிக்கிற பாறை 2.7 மடங்குதான், அப்போ பாரமான சரக்கு எல்லாம் நடுவுலதான் இருந்தாகணும். இப்படி ஒண்ணையொண்ணு சாராத வழிகள் ஒரே விடைக்கு வர்றதாலதான் இதை யூகம்னு சொல்ல எனக்கு மனசு வரமாட்டேங்குது.

இப்போ குழம்பு விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் பொதுவா எல்லாருக்கும் தப்பா பதிஞ்சிருக்கு, அதுக்கு புத்தகத்துல மேன்டிலை செக்கச்செவேல்னு வரையுறதும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். மேன்டில் கெட்டிப் பாறை. எஸ் அலை அதுக்குள்ள 2,891 கிலோமீட்டர் முழுக்க ஜோரா போகுது, திரவமா இருந்தா போகவே போகாது. நூறு கிலோமீட்டர் ஆழத்துல 1,300 டிகிரி இருந்தாலும் மேல இருக்குற பாரம் அமுக்குறதால உருக விடாது. தட்டுங்கறது மேலோடும் அதுக்கு அடியில ஒட்டின மேன்டிலோட குளிர்ந்த மேல்பகுதியும் சேர்ந்த, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கனமுள்ள விறைப்பான பாகம், பழைய கண்டங்களுக்குக் கீழ இன்னும் கனமா இருக்கும். அதுக்குக் கீழ இருக்குறதும் பாறைதான், உருகினது அதுல இருந்தாலும் கொஞ்சூண்டு, என்ன, சூட்டுல அது லட்சக்கணக்கான வருஷக் கணக்குல மெல்ல நகர்ந்து கொடுக்கும். பாறை நகருமான்னு கேப்பீங்க. பனியுகத்துல ஸ்காண்டிநேவியா மேல கிலோமீட்டர் கணக்குல பனி ஏறி தரையை அமுக்கி வச்சிருந்தது, அது உருகி பத்தாயிரம் வருஷம் ஆகியும் ஸ்வீடன் கடற்கரையோட வடபகுதி இன்னும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழும்பிக்கிட்டே இருக்கு, கீழ மேன்டில் மெதுவா திரும்பி வந்து சேர்றதாலதான் அது எழும்புது. எரிமலைக் குழம்புங்கறது எல்லா இடத்துலயும் தேங்கி நிக்குற கடல் இல்ல, நடுக்கடல் மலைத்தொடர்கள்ல சூடான பாறை மேல ஏறும்போது அமுக்கம் குறைஞ்சு கொஞ்சம் உருகுது, தட்டு ஒண்ணுக்கடியில ஒண்ணு போற இடத்துல அது கொண்டுபோற தண்ணி உருகுற வெப்பநிலையைக் குறைச்சு உருக்குது, ஹவாய் மாதிரி சில இடத்துல ஆழத்துல இருந்து சூடு மேல வருது. ஆயிரம் அடி போர்ங்கறது 300 மீட்டர், அதுல வெப்பம் சில டிகிரிதான் கூடும். நம்ம ஆளுங்க நிறைய பேர் உழைச்ச கோலார் தங்கவயல்ல 3 கிலோமீட்டருக்கு மேல இறங்கினாங்க, அங்க பாறை 60 டிகிரியைத் தாண்டிச்சு, அப்பவும் பாறை பாறைதான்.

ஆழத்துப் பாறையைத் தொட்டே பாக்கலாம்ங்கறதையும் சொல்லணும். சென்னையில பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கருநீலமா, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்போட ஒரு கல் இருக்கே, சார்னோக்கைட், அதை முதல்ல அடையாளம் கண்டு விவரிச்சதே பரங்கிமலையிலதான். அந்த வகைக் கல் உருவாகுறது 20, 30 கிலோமீட்டர் ஆழத்துல, 700 டிகிரிக்கு மேல. கோலாவுல அவ்வளவு பாடுபட்டுத் தோண்டினதை விட ரெட்டிப்பு ஆழத்துச் சரக்கு, மலை எழும்பி மேல இருந்ததெல்லாம் அரிச்சுப் போய் கோடிக்கணக்கான வருஷத்துல தானா மேல வந்திருக்கு. அதைத்தான் உடைச்சு ஜல்லியா கான்கிரீட்ல போடுறோம். இன்னும் ஆழத்துலேர்ந்து வேணும்னா வைரம் கொண்டுவர்ற கிம்பர்லைட் எரிமலைக்குழாய்கள் 150, 200 கிலோமீட்டர்லேர்ந்து மேன்டில் துண்டுகளைத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கு. 2014ல பிரேசில் வைரம் ஒண்ணுக்குள்ள ரிங்வுடைட்ங்கற கனிமம் சிக்கியிருந்ததைக் கண்டாங்க, அது 500 கிலோமீட்டருக்கும் கீழ மட்டுமே உருவாகக்கூடியதுன்னு ஆய்வகத்துல அமுக்கிப் பாத்து ஏற்கனவே சொல்லியிருந்தாங்க.

தட்டு நகர்றது இன்னும் சுலபம், அதை ஜிபிஎஸ்ல நேரடியா அளக்குறோம். பெங்களூர்ல இருக்குற நிலையம் வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம் வடகிழக்கா போகுது, அதோட சேர்ந்து நீங்களும் நானும். வெகனர்ங்கற விஞ்ஞானி 1912ல கண்டங்கள் நகருதுன்னு சொன்னப்போ எது தள்ளுதுன்னு அவரால காட்ட முடியல, அதனால பெரும்பாலானவங்க ஏத்துக்கல. அறுபதுகள்ல கடலடித் தரையில காந்தத் திசை மாறி மாறிப் பதிஞ்ச பட்டைகள் மலைத்தொடருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குறது, அதாவது புதுத் தரை அங்க உருவாகி ரெண்டு பக்கமும் விலகிப்போகுதுங்கறது, தெரிஞ்சப்புறம்தான் நிலைமை திரும்புச்சு. அணுகுண்டு சோதனையைக் கண்காணிக்க அதே சமயத்துல உலகம் முழுக்க ஒரே மாதிரி சீஸ்மோகிராஃப், அதாவது பூகம்பம் பதியுற கருவி, வச்சாங்க, கொடைக்கானல்லயும் ஒண்ணு இருந்தது, அந்தப் பதிவுகளை வச்சு பூகம்பப் புள்ளிகளைக் குறிச்சப்போ தட்டுகளோட எல்லை தானா வரைஞ்சு வந்துடுச்சு.

எது நகர்த்துதுங்கறதுல பழைய படம் பாதிதான் சரி. அடியில வெந்நீர் மாதிரி சுழற்சி ஓடுது, அது மேல தட்டு சும்மா உக்காந்து சவாரி பண்ணுதுன்னு வரைவாங்க. இப்போ பெரும்பாலானவங்க ஏத்துக்கிட்டது, தட்டு தன்னோட பாரத்தாலயே தன்னை இழுத்துக்குதுங்கறது. கடல்தட்டு வயசாக ஆக குளிர்ந்து அடர்த்தியாகி, ஒரு ஓரத்துல மேன்டிலுக்குள்ள முழுக ஆரம்பிச்சுடும், கட்டில்ல போர்வையோட ஒரு பக்கம் தரைப்பக்கமா தொங்கிட்டா மீதியையும் அது இழுத்துக்கிட்டுப் போகுமே, அப்படி. இதுக்கு ஆதாரம், ஓரத்துல முழுகுற பாகம் நிறைய உள்ள பசிபிக் தட்டு வருஷத்துக்கு 7லேர்ந்து 10 சென்டிமீட்டர் போகுது, அப்படி முழுகுற ஓரம் பெரிசா இல்லாத ஆப்பிரிக்க, யுரேசியத் தட்டுகள் சுமார் 2 சென்டிமீட்டர்தான். அடியில நடக்குற மேன்டில் ஓட்டமும் சேர்ந்து இழுக்குது, அதோட பங்கு எவ்வளவுங்கறதுல இன்னும் வாதம் ஓடுது.

நம்ம தட்டையே எடுத்துக்கோங்க, மடகாஸ்கர்லேர்ந்து சுமார் 8.8 கோடி வருஷம் முன்னாடி பிரிஞ்சு, ஒரு கட்டத்துல வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல வடக்க ஓடியிருக்கு, தட்டுகள்லயே அபூர்வமான வேகம், அப்புறம் சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி ஆசியாவோட மோதி வேகம் குறைஞ்சது. ஓடினது நிச்சயம், கடல்தரைப் பட்டைகள்ல அப்படியே எழுதியிருக்கு. ஏன் அவ்வளவு வேகம்ங்கறதுக்கு மூணு விளக்கம் இருக்கு. தக்காண எரிமலைகளைக் கக்கின சூட்டுத்தூண் அடியிலேர்ந்து தள்ளிவிட்டுச்சுங்கறது ஒண்ணு, இந்தியாவோட அடித்தட்டு மெலிசா இருந்ததால லேசா நகர்ந்துச்சுங்கறது இன்னொண்ணு, வடக்க ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல தட்டு முழுகி ரெட்டை இழுப்பு கிடைச்சுதுங்கறது மூணாவது. எனக்கு மூணாவது பொருத்தமா படுது, ஏன்னா இழுப்புதான் முக்கியம்னு மத்த தட்டுகள்ல பாத்ததோட அது ஒத்துப்போகுது, ஆனா இது முடிஞ்சுபோன வழக்கு இல்ல.

இதே மாதிரி சந்தேகப் பட்டியல்ல நான் வைக்கிறது, கோர்ல இரும்பும் நிக்கலும் போக கலந்திருக்குற லேசான தனிமம் எது (கந்தகமா, ஆக்சிஜனா, சிலிக்கானா), மையத்துல வெப்பம் 5,000 டிகிரியா 6,000மா, உள்கோர் உறைய ஆரம்பிச்சு எவ்வளவு காலம் ஆச்சு, பூமியில தட்டுகள் எப்போ நகர ஆரம்பிச்சது. இதுல காலக்கணக்கு சம்பந்தப்பட்டதுக்கு வெவ்வேறு குழு நூறு கோடி வருஷம் வித்தியாசத்துல கூட எண் சொல்வாங்க, புத்தகத்துல ஒரே எண் போட்டிருந்தா அதை உத்தேசம்னு எடுத்துக்கணும். கன்னியாகுமரிக்குத் தெற்கே இலங்கைப் பக்கம் கடல்ல ஈர்ப்பு குறைவா இருந்து, கடல்மட்டம் எதிர்பார்க்கிறதை விட 100 மீட்டருக்கு மேல பள்ளமா இருக்கு, உலகத்துலயே பெரிய பள்ளம் அது. பள்ளம் இருக்குறது சாட்டிலைட்ல அளந்தது, காரணம்தான் ஆராய்ச்சியில இருக்கு, ஆப்பிரிக்காவுக்கு அடியிலேர்ந்து வர்ற சூடான லேசான சரக்கு மேன்டில்ல அந்தப் பக்கம் பரவினதுதான்னு பெங்களூர் இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) ஆய்வாளர்கள் 2023ல கணினியில பூமியை ஓட்டிப் பாத்து சொல்லியிருக்காங்க.

கடைசியா உங்க மூணாவது கேள்வி. பெரிய பூகம்பம் பெரும்பாலும் தட்டோட ஓரத்துலதான் வரும், தமிழ்நாடு நடுவுல இருக்கு. நமக்குக் கிட்ட இருக்குற ஓரம் அந்தமான், சுமத்ரா பக்கம், அங்க நம்ம தட்டு அடியில முழுகுது. 2004 டிசம்பர் 26ல அங்க சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிஞ்சு கடல்தரையே மேல தூக்கினதாலதான் ரெண்டரை மணி நேரத்துல சென்னையிலயும் நாகப்பட்டினத்துலயும் அலை வந்தது. 2012 ஏப்ரல் 11ல அதே பக்கத்துல 8.6 வந்து சென்னையில ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் வெளிய ஓடினாங்களே, அப்போ பெரிய அலை வரல, ஏன்னா அது ஓரத்துல வராம தட்டுக்குள்ளயே வந்தது, பாறை பக்கவாட்டுல நழுவுச்சே தவிர தரையை மேல தூக்கல. இந்திய ஆஸ்திரேலியத் தட்டு அந்த இடத்துல மெல்ல ரெண்டா பிரிஞ்சுக்கிட்டு இருக்குறதோட அடையாளம் அதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. நடுவுல இருக்கோம்ங்கறதால நமக்கு ஒண்ணுமே வராதுன்னும் சொல்லிட முடியாது, 1900ல கோயம்புத்தூர்ல சுமார் 6 அளவுல ஒண்ணு வந்திருக்கு, பழைய விரிசல்கள் இமயமலைப் பக்கம் விழுற அமுக்கத்துல எப்பவாவது நழுவும். 8, 9 அளவுல தமிழ்நாட்டுக்கு அடியிலயே வரும்னு எதிர்பார்க்கக் காரணம் இல்ல, 6 வரைக்கும் வரலாம், அதுக்குத் தகுந்த மாதிரி கட்டடம் கட்ட இந்தியத் தரக்குறியீடு இருக்கு, வீடு கட்டும்போது இன்ஜினியர்கிட்ட உங்க ஊர் எந்த பூகம்ப மண்டலம், அதுக்கான கம்பி விவரம் டிராயிங்ல இருக்கான்னு கேளுங்க. எந்தத் தேதியில வரும்னு யாராவது வாட்ஸ்அப்புல அனுப்பினா அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அதைச் சொல்ற முறை உலகத்துல யாருகிட்டயும் கிடையாது.